நட்டு ஏழு வாரமான சரக்கொன்றை காய்கிறது: பிடுங்கலாமா, பொறுக்கலாமா?

9 ஜூன் 2023, காலை. வந்த கேள்வி

அக்கா, கோவை புறநகரில் வீடு கட்டிக் குடிவந்தோம். ஏப்ரல் 20 அன்று வாசலோரம் 5 அடி உயரச் சரக்கொன்றை ஒன்றை நர்சரியில் வாங்கி நட்டேன். 3 அடி ஆழக் குழி, அடியில் இரண்டு பாண்டு எரு, மேலே செம்மண். முதல் பத்து நாள் நன்றாக இருந்தது. பிறகு இலை மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கியது, இப்போது நுனி காய்ந்து கீழே இறங்கி வருகிறது. தினம் மூன்று குடம் தண்ணீர், அதில் ஒரு குடம் ஆர்.ஓ. மெஷினில் வெளியே வரும் நீர். போன வாரம் ஒரு கைப்பிடி யூரியாவும் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பிடுங்கிவிட்டு வேறு வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

9 ஜூன் 2023, மாலை

பிடுங்க வேண்டாம், தம்பி. முதலில் உயிர் எங்கே வரை இருக்கிறது என்று பாருங்கள். கட்டைவிரல் நகத்தால் தண்டின் தோலை ஒரு நெல் அளவுக்குச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அது போய்விட்டது. நுனியில் ஆரம்பித்து ஒரு சாண் விட்டு ஒரு சாண் கீழே இறங்கி வாருங்கள். பச்சை தெரிகிற இடத்தை ஒரு நூலால் கட்டி அடையாளம் வையுங்கள்.

யூரியாவை உடனே நிறுத்துங்கள். வேர் பிடிக்காத கன்றுக்கு உப்பு உரம் வைத்தால் உள்ள நாலு வேரும் கருகும். ஆர்.ஓ. கழிவு நீரும் வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. தினம் ஒரு குடம் என்றால் ஏழு வாரத்தில் அந்தக் குழிக்குள் எவ்வளவு உப்பு இறங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தண்ணீரையும் நிறுத்துங்கள். மஞ்சளாகிக் கொட்டுகிற இலையைப் பார்த்தால் எல்லாருக்கும் தாகம் என்றுதான் தோன்றும். வேருக்குக் காற்றும் வேண்டும். மண்ணின் சந்து பொந்தெல்லாம் நீர் நின்றால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேர் தண்ணீரை மேலே அனுப்பாது. அதனால் நீரில் நிற்கிற செடியும் தாகத்தில் வாடுகிற செடி போலவே தலை தொங்கும். நாம் அதைப் பார்த்து இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தாகத்தில் உதிர்ந்தது மொறுமொறுவென்று நொறுங்கும், தண்ணீர் மிஞ்சி உதிர்ந்தது பெரும்பாலும் மஞ்சளாக, தொய்ந்து கிடக்கும்.

10 ஜூன் 2023

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், இப்படியே ஒரு சரக்கொன்றையை நான் சாகவிட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு திருச்சிக்கு வெளியே, ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல். அதன் மேல் மூன்றடிக்குக் கிராவல் கொட்டி மேடேற்றி பிளாட் போட்டார்கள். 2021 ஜூனில் ஆறடிக் கன்று வாங்கி, ஆள் வைத்து மூன்றடிக் குழி வெட்டினேன். கிராவலைத் தாண்டிக் கடப்பாரை பழைய வயல் களிமண்ணில் போய்க் குத்தியது. குழியில் செம்மண், ஆற்று மணல், தொழு உரம் என்று நல்லதாகத் தேடித் தேடிப் போட்டேன். நான் வெட்டியது குழி இல்லை, ஒரு தொட்டி. சுற்றிலும் உள்ள கிராவலில் விழுகிற மழையெல்லாம் வழிந்து இந்தப் பள்ளத்துக்குள் வரும். அடியில் களிமண், இறங்க வழியில்லை. மேல் மண் காய்ந்திருப்பதைப் பார்த்து நான் தினமும் ஊற்றினேன்.

ஐப்பசி மழையில் இலை முழுக்கக் கொட்டியது. 2022 ஜனவரியில் ஒற்றைக் கையால் இழுத்தேன், வந்துவிட்டது. நர்சரிப் பையில் எந்த வடிவத்தில் இருந்ததோ அதே உருளை வடிவில் மண்கட்டி அப்படியே இருந்தது. ஏழு மாதத்தில் ஒரு வேர்கூட வெளியே நீளவில்லை. வேரை உருவினால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் நின்றது. சாக்கடை வாடை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதை நட்டது என் அப்பா இறந்த வருடம். அவர் நினைவாக வைத்த கன்று.

இரண்டாவதை 2022 செப்டம்பரில் வேறு இடத்தில் வைத்தேன். அது இப்போது ஒன்பது மாதக் கன்று. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

10 ஜூன் 2023, இரவு

நேற்று "தண்ணீரையும் நிறுத்துங்கள்" என்று ஒரே அடியாக எழுதியது அவசரம். அதைத் திருத்துகிறேன். கோவையில் இது மேல்காற்றுக் காலம். உங்கள் மண் எப்படி என்றே கேட்காமல் சொல்லிவிட்டேன்.

பை மண்கட்டி ஒரு மாதிரி, சுற்றிப் போட்ட மண் வேறு மாதிரி இருந்தால், சுற்றிலும் சேறாக இருக்கும்போதே மண்கட்டி மட்டும் உலர்ந்து கிடக்கலாம். நேர்மாறாகவும் நடக்கும். மேல் மண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒன்றரை அடி நீளக் கம்பியோ வழுவழுப்பான மூங்கில் குச்சியோ எடுத்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மெதுவாக இறக்கி, பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். அடுத்து ஒன்றரை அடி தள்ளி இன்னொரு முறை. குச்சியில் ஒட்டி வரும் மண்ணை உருட்டிப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். ஈரமாக இருந்து மண் வாசனை வந்தால் நல்லது. புளித்த வாடை வந்தால் தண்ணீர் தேங்குகிறது.

இன்னொன்று. தண்டைச் சுற்றி மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள், மண்வெட்டி வேண்டாம். வேரும் தண்டும் சேருகிற கழுத்து, அதாவது முதல் பக்கவேர் கிளம்புகிற இடம், மண் மட்டத்தில் இருக்க வேண்டும். எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

12 ஜூன் 2023

தம்பி பதில் எழுதியிருக்கிறார். நகச் சோதனையில் 3 அடி வரை பச்சை. அதற்கு மேல் விறகு. கம்பி பக்கத்தில் இறக்கியபோதும் தள்ளி இறக்கியபோதும் சேறுதான், வாடையும் வந்ததாம். கழுத்து 5 அங்குலம் கீழே.

ஐந்து அங்குலம் எப்படிக் கீழே போனது? நடும்போது சரியான மட்டத்தில்தான் வைத்ததாக அவர் சொல்கிறார், நம்புகிறேன். குற்றவாளி அடியில் போட்ட அந்த இரண்டு பாண்டு எரு. எரு மக்க மக்கச் சுருங்கும், கிளறிய மண் தண்ணீர் பட்டு அமுங்கும். மேலே உட்கார்ந்திருக்கும் கன்றும் கூடவே இறங்கும். மேலே பள்ளம் தெரிந்ததும் நாம் மண்ணைப் போட்டு நிரப்புவோம். தண்டின் தோல் வெயிலிலும் காற்றிலும் இருக்கப் பிறந்தது. அதை ஈர மண்ணுக்குள் புதைத்தால் மெல்ல அழுகும். குழிக்குள் எரு போடுவதுதான் நல்ல பழக்கம் என்று நம் ஊரில் எல்லாரும் நம்புகிறோம், நானும் நம்பினேன். எருவின் இடம் குழியின் அடி இல்லை, மண்ணின் மேல். காட்டில் இலை மேலேதான் விழுகிறது.

இப்போது இரண்டு வழி. ஒன்று, கழுத்து தெரியும்வரை மண்ணை அகலமாக வாரி எடுப்பது. இன்னொன்று, கன்றைத் தூக்கி உயர்த்தி வைப்பது. வளர்ந்த மரமாக இருந்தால் முதல் வழிதான், தூக்கினால் செத்துவிடும். உங்களுடையது ஏழு வாரம். மண்ணை வாரினால் அங்கே ஒரு கிண்ணம் உருவாகும், அடுத்த மழை அதில்தான் நிற்கும். நானாக இருந்தால் தூக்குவேன். இரண்டு நாள் யோசித்துச் செய்யுங்கள்.

13 ஜூன் 2023

உச்சியை இப்போது வெட்டாதீர்கள். காய்ந்தது காய்ந்ததாகவே இருக்கட்டும். மிச்சம் நிற்கிற இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது, ஒன்றைக்கூடக் கிள்ள வேண்டாம்.

18 ஜூன் 2023

தூக்கிவிட்டார்கள். படம் அனுப்பினார். மேகம் போட்ட மாலை, 5 மணிக்கு மேல் ஆரம்பித்திருக்கிறார்கள். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றி வெட்டி, மண்கட்டிக்கு அடியில் நனைத்த சாக்கை நுழைத்து இருவர் சேர்ந்து தூக்கியிருக்கிறார்கள்.

கீழே இருந்தது என்ன தெரியுமா? பாலிதீன் பையின் அடிப்பாகம். நட்ட ஆள் பக்கவாட்டில் மட்டும் கீறி உருவிவிட்டு, அடியை அப்படியே வைத்து மூடியிருக்கிறார். வேர் அதற்குள் பாம்பு சுருண்ட மாதிரி மூன்று சுற்று சுற்றியிருந்தது. அதற்கும் கீழே கெட்டிப்பட்ட சிமெண்ட் கலவைக் கட்டி இரண்டு, தேங்காய் பருமனில். கொத்தனார் மிச்சக் கலவையை அங்கே கொட்டி மூடியிருக்க வேண்டும்.

சுற்றிய வேரை என்ன செய்வது என்று போனில் கேட்டார். சுற்றிய வேர் தானாக நிமிராது. பருக்கப் பருக்க அதே வட்டத்தில் இறுகி, ஐந்தாறு வருடம் கழித்து மரத்தின் கழுத்தையே நெரிக்கும். புது பிளேடால் மண்கட்டியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நான்கு இடத்தில் ஒரு அங்குல ஆழம் கீறச் சொன்னேன், அடியில் சுருண்டதை முழுவதும் நறுக்கச் சொன்னேன். காய்கிற செடியின் வேரை வெட்டச் சொல்ல எனக்கே நெஞ்சு அடித்தது. ஆனால் கறுத்த வேர் எப்படியும் உதவாது. வெட்டிய இடம் வெள்ளையாக இருந்ததா என்று மூன்று முறை கேட்டேன். இரண்டு இடத்தில் வெள்ளை. அது போதும்.

குழியை அதே மண்ணால் ஒன்றேகால் அடி ஆழம் மிச்சம் இருக்கும்வரை நிரப்பி மிதித்துக் கெட்டிப்படுத்தி, கழுத்து தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி வைத்தார்கள். சுற்றிலும் சரிவாக மண் அணைத்து, மண் படிய இரண்டு குடம் நீர். எரு ஒரு பிடிகூட உள்ளே போகவில்லை. மேலே மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலைச்சருகு மூடாக்கு, தண்டிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு.

19 ஜூன் 2023

காற்றுத் தடுப்பு மறந்துபோயிற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்கள் ஊரில் ஆவணி வரை ஓயாது. மேற்குப் பக்கம் இரண்டு கம்பு நட்டுத் தென்னங்கீற்றோ பச்சை வலையோ கட்டுங்கள். கன்றை முட்டுக் கம்போடு கட்டுவது கயிறாகவோ கம்பியாகவோ இருக்கக் கூடாது. பழைய வேட்டித் துணியைக் கிழித்து, எட்டு வடிவில், தளர்வாகக் கட்டுங்கள். தண்டு கொஞ்சம் ஆட வேண்டும். ஆடினால்தான் தடிக்கும், வேரும் ஊன்றும்.

27 ஜூன் 2023

"ஒன்பது நாள் ஆச்சு, ஒரு துளிர்கூட இல்லை, பஞ்சகவ்யம் ஊற்றலாமா, வேர் வளர்ச்சிக்குப் பவுடர் விற்கிறார்களே அது வாங்கலாமா?"

வேண்டாம். ஒன்றும் வேண்டாம். இந்த நாட்களில்தான் பெரும்பாலான கன்றுகள் போகின்றன. நோய் பாதி, நம் கைதான் மீதி. தினம் ஒரு மருந்து, தினம் ஒரு தண்ணீர், வாரம் ஒரு முறை பிடுங்கி இடம் மாற்றுவது. வேர் முதலில் கீழே வேலை செய்யும், மேலே ஒன்றும் காட்டாது. மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியை விட்டுப் பார்த்து, விரல் ஆழத்துக்குக் கீழேயும் உலர்ந்திருந்தால் ஒரு குடம். இல்லையென்றால் சும்மா இருங்கள். பார்க்கத்தான் வேண்டும் என்றால் தினம் போய்ப் பாருங்கள், கையில் மட்டும் எதையும் எடுத்துப் போகாதீர்கள்.

15 ஜூலை 2023

என் இரண்டாவது கன்றைப் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். அதை நடும்போது எல்லாவற்றையும் மாற்றினேன். ஆறடிக் கன்று வேண்டாம் என்று இரண்டடிக் கன்றாகத் தேடினேன். சின்னக் கன்றுக்குப் பையில் வேர் சுற்ற நேரம் இருந்திருக்காது, இலையும் கொஞ்சம்தான், வேர் தாங்கிக்கொள்ளும். பெரிய கன்று இடம் மாறிய அதிர்ச்சியில் ஒரு வருடம் அப்படியே நிற்கும், அதற்குள் சின்னது எட்டிப் பிடித்துவிடும். நடுவதற்கு முன்னால் ஒன்றரை அடிக் குழி வெட்டி நீர் நிரப்பிப் பார்த்தேன். மறுநாள் காலையிலும் அரைக் குழி தண்ணீர் நின்றது. ஆகவே குழியை மூடிவிட்டு, ஐந்தடி அகலத்துக்கு ஒரு அடி மேடு போட்டு, அந்த மேட்டின் மேல் நட்டேன். குழியில் ஊற்றிய தண்ணீர் ஒரு நாள் தாண்டியும் வடியாத இடமென்றால் மேட்டில்தான் வைக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் இந்த வெயிலில் அதற்கு வேறு தொல்லை வந்தது. புதிய இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, கோலம் போட்ட மாதிரி. முதலில் மறுபடியும் தண்ணீர் மிகுதிதான் என்று பயந்தேன். அது பழைய இலையில்தான் தொடங்கும், முழு இலையும் ஒரே மாதிரி வெளுக்கும். துளிர் இலையில் நரம்புக்கு நடுவே வெளுப்பது இரும்புச் சத்து எட்டாததால். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்புத் தன்மை ஏறினால் வேரால் எடுக்க முடியாது. சுவர் பூச்சு வேலை நடந்தபோது கலவைச் சட்டியைக் கழுவிய தண்ணீர் முழுக்க அந்த மூலையில்தான் வடிந்தது. போதாததற்கு எங்கள் போர் தண்ணீர், வாளியில் வெள்ளைப் படலம் கட்டுகிற தண்ணீர்.

மேல் மண்ணில் வெளுத்துக் கிடந்ததை அரை அடி சுரண்டி அள்ளிப் போட்டேன். அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு, நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளித்தேன். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு வந்த துளிர் பச்சையாக வந்தது. பழைய இலை தேறவில்லை. தெளிப்பு தற்காலிகம்தான். மொட்டை மாடி மழை நீரைப் பிடித்து ஊற்றத் தொடங்கியிருக்கிறேன்.

தம்பி, உங்கள் குழியில் சிமெண்ட் கட்டி கிடந்ததால் இதைச் சொல்கிறேன். துளிர் வந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள்.

2 ஆகஸ்ட் 2023

துளிர்!

தரையிலிருந்து ஒன்றரை அடியில் இரண்டு, ஒன்றேகால் அடியில் ஒன்று. செம்பு நிறத்தில் சுருண்டு நிற்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள்.

ஆனால் என் கணக்கு ஒன்று தப்பு. ஜூனில் 3 அடி வரை பச்சை என்றதும், அந்த உயரத்திலிருந்து துளிர்க்கும் என்று நினைத்தேன். இப்போது நகம் வைத்துப் பார்த்தால் ஒன்றரை அடிக்கு மேல் பச்சை இல்லையாம். வேர் குறைந்த அளவுக்கு மரம் தன் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அன்றே உச்சியை வெட்டியிருந்தால் தவறான இடத்தில் வெட்டியிருப்போம். பொறுத்தது நல்லதாயிற்று.

மூன்றில் எதை வைத்துக்கொள்வது என்று இப்போதே கேட்கிறார். மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இலையும் வேருக்குப் போய்ச் சேரும். சரக்கொன்றை விதைக் கன்றுதான், ஒட்டுக் கட்டியது இல்லை. ஆகவே கீழேயிருந்து எது வந்தாலும் அதே மரம், அதே பூ.

20 ஆகஸ்ட் 2023

என் கன்றில் புழு. பச்சை, பக்கவாட்டில் ஒரு கோடு, இலை நிறத்திலேயே இருப்பதால் எச்சத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்று துளிரில் முட்டை வைக்கும், கொன்றை இலைதான் அதன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. எண்ணினால் பதினாறு. நன்றாகத் தழைத்த மரமாக இருந்தால் விட்டுவிடுவேன். மூன்றடிக் கன்று தாங்காது என்று பதிமூன்றை ஒரு முறத்தில் எடுத்துப் போய் தெருமுனையில் இருக்கிற பெரிய கொன்றையில் விட்டேன். மூன்றை இங்கேயே விட்டேன். மருந்து அடிக்கவில்லை.

21 ஆகஸ்ட் 2023

பதிமூன்று என்றேன், இன்று காலை இன்னும் ஆறு கிடைத்தது. அதுவும் முறத்தில் போயிற்று.

8 அக்டோபர் 2023

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "சரக்கொன்றை என்று வாங்கினேன், இலை சின்னதாக இருக்கிறதே, நோயா?"

படத்தைப் பார்த்தேன். நோய் இல்லை, மரமே வேறு. சரக்கொன்றையின் ஈர்க்கில் நாலு முதல் எட்டு ஜோடி இலைதான் இருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம், மாவிலைக்குத் தங்கை மாதிரி. உங்களுடையதில் பத்துப் பன்னிரண்டு ஜோடி, விரல் நீளத்தில், முனை மழுங்கி. அது சாலையோரம் வைக்கிற மஞ்சள் கொன்றை. பூ சரமாகத் தொங்காது, கிளை நுனியில் கொத்தாக மேல்நோக்கி நிற்கும். காய் முருங்கை மாதிரி நீண்டு உருண்டையாக இல்லாமல் தட்டையாக இருக்கும். கெட்ட மரம் இல்லை, நிழல் தரும். ஆனால் சரக்கொன்றைக்கு ஆசைப்பட்டவருக்கு அது ஆறுதல் ஆகாது.

மஞ்சள் கொன்றை என்ற அதே பெயரில் மூன்றாவது ஒன்றும் உண்டு, முதுமலைக் காட்டுக்குள் பரவி வனத்துறை பிடுங்கிக்கொண்டிருப்பது. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த மரம். தெரியாமல் அதை வாங்கி வைத்துவிடாதீர்கள், குறிப்பாக மலையடிவாரத்தில் இருப்பவர்கள்.

19 நவம்பர் 2023

நல்ல மழை. மேட்டில் இருக்கிற கன்றின் தூரில் தண்ணீர் நிற்கவில்லை. முதல் கன்று செத்த அந்தப் பள்ளத்தில் நாலு நாள் நின்றது. ஜன்னலில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே கல்வாழை வைத்திருக்கிறேன், அதற்கு அந்த இடம் சொர்க்கம்.

3 மார்ச் 2024

கோவைத் தம்பி இரவு 11 மணிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்: "அக்கா, மறுபடியும் இலை எல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. போயிற்று போல."

போகவில்லை. மாசி பங்குனியில் சரக்கொன்றை இலை உதிர்க்கும், அதன் இயல்பு. பெரிய மரத்தில் அந்த மொட்டைக் கிளையில்தான் சித்திரையில் சரம் தொங்கும். உங்கள் தெருவில் வேறு கொன்றை இருந்தால் போய்ப் பாருங்கள், அதுவும் உதிர்த்துக்கொண்டிருக்கும். போன ஜூனில் கொட்டியது வேறு, அப்போது நுனியும் கூடவே காய்ந்தது. இப்போது நகம் வைத்துப் பாருங்கள், குச்சி நுனியில் மொக்கைப் பாருங்கள். நுனி பச்சையாக, மொக்கு பருத்து இருந்தால் தூங்கப் போங்கள்.

இந்த நாட்களில் இலை இல்லையென்று தண்ணீரைக் கூட்டக் கூடாது. இலை இல்லாத மரம் குறைவாகத்தான் குடிக்கும்.

4 மார்ச் 2024

நுனி பச்சையாம். தூங்கினாராம்.

14 ஏப்ரல் 2024

இன்று எங்கள் தெருமுனை மரம் முழுக்க மஞ்சள். கேரளத்தில் விஷுக்கணி வைக்க இதே பூதான், அவர்களுக்கு மாநில மலர், தாய்லாந்துக்கு தேசிய மலர். நமக்கு சிவன் தலையில் சூடிய பூ. சங்கப் பாட்டில் கொன்றை கார்காலத்துப் பூவாக வருகிறது, முல்லை நிலத்துப் பெண்கள் அது பூத்ததைப் பார்த்து மழை வந்துவிட்டது, அவர் வரவில்லையே என்று ஏங்குவார்கள். நாம் பார்ப்பது சித்திரையில். ஆனால் கோடை மழைக்குப் பிறகு சில மரங்கள் இரண்டாவது முறை கொஞ்சமாகப் பூப்பதை நானே தெருமுனையில் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பாட்டுகள் எனக்கு உறுத்துவதில்லை.

நம் கன்றுகள் பூக்க இன்னும் சில வருடம் ஆகும். விதையிலிருந்து வந்த சரக்கொன்றை அவசரப்படாது. நர்சரியில் "அடுத்த வருடமே பூக்கும்" என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள்.

9 ஜூன் 2024

கேள்வி வந்து ஒரு வருடம். தம்பியின் கன்றில் மூன்று தண்டும் கட்டைவிரல் பருமன். இப்போது ஒன்றைத் தலைமையாக்கலாம். மேற்குப் பக்கத்துத் தண்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். காற்று அதை அடிமரத்தோடு சேர்த்துத்தான் அழுத்தும், மற்றப் பக்கத்தில் இருப்பதைப் பிய்த்துக்கொண்டு போகும். அதற்கு மேலே உள்ள பட்ட தண்டைச் சரிவாக, நீர் வழிகிற மாதிரி வெட்ட வேண்டும். மற்ற இரண்டையும் ஒரேயடியாக எடுக்காமல் பாதியாகக் குறைத்து, அடிமரம் தடிக்கட்டும் என்று இன்னும் ஆறு மாதம் விடச் சொன்னேன். துளிர் நிறம் பச்சை. சிமெண்ட் தொல்லை வரவில்லை.

போன வருடம் அடிக்குள் போட்ட எருவை இந்த வருடம் மேலே போட்டிருக்கிறார், மூடாக்குக்கு அடியில், இரண்டு பாண்டு.

6 அக்டோபர் 2024

இன்று என் கன்றின் முட்டுக் கம்பை அவிழ்த்தேன். இரண்டு வருடமாகக் கட்டியிருந்தது, ஒரு வருடத்திலேயே எடுத்திருக்க வேண்டும். வேட்டித் துணி இருந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, இறுகவில்லை. அவிழ்த்ததும் ஒரு சாண் கிழக்கே சாய்ந்தது. மனம் கேட்காமல் மறுபடி கட்டப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். மாலை காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. உயரம் ஏழடி, மதில் சுவரைத் தாண்டி உச்சி தெருவில் தெரிகிறது. தம்பியுடையது ஐந்தரை, நட்ட நாளில் இருந்ததைவிட அரையடி கூடுதல். அவரும் மேல்காற்று ஓய்ந்தபின் போன வாரம் அவிழ்த்துவிட்டார்.

முட்டுக் கம்பை அவரைப் பந்தலுக்கு ஊன்றியிருக்கிறேன்.